பக்கவாத்தியத்தார் கையில் பழைய பாட்டு

இசையரங்கிற்குச் சென்று மீள்வோர் பெரும்பாலும் பாடினார் பெயரையே நெஞ்சிற் கொண்டு மீள்வர். அவர் பின் நின்று ஊதினாரையும் மீட்டினாரையும் கொட்டினாரையும் பெயர் சொல்லி வினவுவார் மிகச் சிலர். ஆயினும், ஒரு பாட்டைப் பாடுவோர்க்கு அடுத்தபடியாக அதனை நன்கறிந்தவர் யாரெனின், இரவுதோறும் உடனின்று அதனை வாசிக்கும் பக்கவாத்தியக்காரரே ஆவர். அத்தகையோர் தமக்கு ஓய்வு வாய்த்த பொழுது, பிறர்க்காகத் தாம் வாசித்த அப்பாட்டுகளையே எடுத்து, தாம் பயின்ற வேறோர் இசைமரபில் அமைத்துக் காட்டினால் விளைவது யாது? அது பாட்டிற்கு ஆக்கமோ, கேடோ? வாசித்தார்க்கு அதனால் வருவது பெயரோ, அன்றி மீண்டும் பிறர் நிழலோ? மேல்நாட்டு ராக், ஜாஸ் என்னும் இருவகை இசைகளைக் கொண்டு இவ்வினாக்களை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஜாஸும் ராக்கும்

ஜாஸ் என்பது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டு நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பின மக்களிடையே வளர்ந்து, பின்னர்ச் சிகாகோ, நியூயார்க் முதலிய நகரங்களிற் பரவிய இசை. ராக் என்பது 1950-களில் அந்நாட்டிலேயே தோன்றி, 1960-களில் இங்கிலாந்து இளைஞர் கைப்பட்டு உலகெங்கும் ஒலித்த இசை. இரண்டற்கும் வேராயிருப்பது ப்ளூஸ் எனப்படும் கறுப்பின மக்களின் பாட்டு. ஆதலின் இவ்விரண்டும் உடன்பிறந்தார் எனத் தகும். எனினும் அவற்றின் ஒழுகலாறு வேறு.

ராக் இசையில், இசைத்தட்டிற் பதிந்த பாட்டே பாட்டு. அதன்கண் உள்ள குரலின் கரகரப்பும், கிதாரின் முழக்கமும், இடையே வரும் சாக்ஸபோனின் ஒரு சில சுரங்களும் கேட்போர் உள்ளத்தில் அவ்வாறே படிந்துவிடுகின்றன. மேடையிலும் அவை அவ்வாறே வரவேண்டும் என்பது அவர் விருப்பம். ஜாஸ் இசையிலோ, எழுதப்பட்ட மெட்டு ஒரு தோற்றுவாய் மாத்திரமே. குழுவினர் முதலில் மெட்டை ஒருமுறை வாசிப்பர். பின்னர் ஒவ்வொருவராக அம்மெட்டின் அடிப்படைமேல் அவ்வப்பொழுது தோன்றும் கற்பனையை வாசிப்பர். இறுதியில் அனைவரும் மீண்டும் மெட்டிற்குத் திரும்புவர். கீர்த்தனத்தின் ஓரடியை எடுத்து நிரவலும் கற்பனைச்சுரமும் பாடுதலைக் கேட்டுப் பழகிய நம்மவர்க்கு இம்முறை எளிதில் விளங்கும். வேற்றுமை ஒன்றே: நம்மவர் கற்பனைக்கு எல்லையாய் நிற்பது இராகம், ஜாஸ் வாசிப்போர்க்கு எல்லையாய் நிற்பது சுரக்கூட்டுகளின் வரிசை.

சுரக்கூட்டு என்றது என்னை? கல்லூரிப் பாடற்குழுவில் நால்வகைக் குரலார் ஒரே காலத்தில் வெவ்வேறு சுரங்களைப் பாடி ஒன்றுபடுதலை நம் மாணவர் கேட்டிருப்பர். அங்ஙனம் ஒருங்கொலிக்கும் சுரங்களின் தொகுதியையே ஈண்டுச் சுரக்கூட்டு என்கின்றாம். மெட்டு நடந்து செல்ல, அதன் கீழே சுரக்கூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறிச் செல்லும். மெட்டை நீக்கிவிட்டாலும் அவ்வரிசை சுழன்றுகொண்டேயிருக்கும். அச்சுழற்சியின் மேல் புதிய மெட்டுகளை அந்நொடியே புனைதல்தான் ஜாஸ் வாசிப்போர் தொழில்.

பிறர் பாட்டை எடுத்தாளுதல் ஜாஸ் இசைக்குப் புதிதன்று. நியூயார்க் நாடகமேடைப் பாட்டுகள் பலவற்றை அவர் தொடக்கமுதலே தமதாக்கிக்கொண்டனர். 1959-இல் அரங்கேறிய ஓர் இசைநாடகத்தினின்று 'மை பேவரிட் திங்ஸ்' என்னும் பாட்டை ஜான் கோல்ட்ரேன் 1960-இல் எடுத்து வாசித்தார். தம் கற்பனைப் பகுதியில் சுரக்கூட்டுகளை மிகச் சுருக்கி, பாட்டைப் பன்மடங்கு நீட்டினார். ராக் குழுவினர் பாட்டுகளையும் ஜாஸ் தலைவர்கள் எடுத்தனர். பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகளை கவுண்ட் பேசி 1966-இலும், அவர்களது 'ஏபி ரோடு' இசைத்தட்டை ஜார்ஜ் பென்சன் 1970-இலும் தம் முறையில் வெளியிட்டனர். ஆனால், இவர் யாவரும் வெளியிலிருந்து வந்து பாட்டை எடுத்தவர்கள். யாம் கூறப் புகுந்தது, உள்ளிருந்தே எடுத்தவர்களைப் பற்றி.

பின்வரிசையில் நின்ற ஒருவர்

டிம் ரீஸ் என்பார் அமெரிக்க நாட்டு மிச்சிகன் மாகாணத்தவர். ஜாஸ் கற்றுத் தேர்ந்து சாக்ஸபோன் வாசிப்பவர். டிரம்பெட் வல்லுநராகிய மேனார்ட் பெர்கூசன் குழுவிலிருந்து பழகியவர். 1962-இல் இலண்டன் நகரில் தோன்றிய ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் 1999-இல் மேற்கொண்ட இசைச் சுற்றுப்பயணத்தில், ஊதுகருவிக்காரர் வரிசையில் அவர் சேர்ந்தார்.

அவ்வரிசையில் நிற்பார் நிலை எத்தகையது? எல்லாப் பாட்டுகளிலும் அவர்க்கு வேலையில்லை. வேலையுள்ள பாட்டிலும் குறித்த இடத்திற் குறித்த சுரங்களை ஊதி நிறுத்துதல் வேண்டும். 1971-இல் வெளிவந்த 'பிரவுன் சுகர்' என்னும் பாட்டின் நடுவே பாபி கீஸ் என்பார் ஊதிய சாக்ஸபோன் பகுதி உலகறிந்தது. அவ்விடத்திற் புதிது புனைவாரைக் கேட்போர் எளிதிற் பொறார். நம் கச்சேரிகளில் மிருதங்கம் வாசிப்பார்க்குத் தனியாவர்த்தனம் என ஒரு பொழுதேனும் ஒதுக்கப்படுகின்றது. பெருந்திடலில் பல்லாயிரவர் முன் நடக்கும் ராக் அரங்கில், பின்வரிசையார்க்கு அத்தகைய பொழுது அரிது.

இவ்வாறு இரவுதோறும் ஒரே சுரங்களை வாசிப்பவர் இருவழியில் ஒன்றிற் செல்வர். ஒன்று, கை மட்டும் வாசிக்க உள்ளம் வேறிடஞ் செல்லுதல். மற்றொன்று, கேட்டுக் கேட்டு அப்பாட்டின் எலும்பும் நரம்பும் எவையென அறிந்துகொள்ளுதல். ரீஸ் இரண்டாம் வழியிற் சென்றார். 2005-இல் 'தி ரோலிங் ஸ்டோன்ஸ் பிராஜெக்ட்' என்னும் பெயரில் அக்குழுவின் பாட்டுகளை ஜாஸ் முறையில் அமைத்து வெளியிட்டார். கிதார் வல்லுநராகிய பில் பிரிசெல், ஜான் ஸ்கோபீல்டு ஆகியோரும், பாடகியராகிய நோரா ஜோன்ஸ், ஷெரில் குரோ ஆகியோரும் அதன்கண் இடம்பெற்றனர். அதனினும் வியப்பு யாதெனின், குழுத்தலைவராகிய கீத் ரிச்சர்ட்ஸ், ரானி வுட், சார்லி வாட்ஸ் ஆகிய மூவரும் அதில் வந்து வாசித்ததேயாம். பக்கவாத்தியக்காரர் தலைவராக, தலைவர் மூவரும் பக்கவாத்தியக்காரராயினர்.

மாற்றும் வகை

இனி, ராக் பாட்டொன்றை ஜாஸ் ஆக்குங்கால் எழும் இடர்களையும், அவற்றைக் கடக்கும் வகையையும் கூறுவாம்.

முதல் இடர் சுருதியைப் பற்றியது. கிதாரின் மிகத் தடித்த தந்தியும் அதற்கு அடுத்த தந்தியும் முறையே 'ஈ', 'ஏ' என்னும் சுரங்களுக்குக் கூட்டப்பட்டவை. ஆதலால் கிதார்க்காரர் அவ்விரு சுரங்களை ஆதாரமாகக் கொண்டு பாட்டமைத்தல் எளிதென்பர். ஆனால் டெனர் சாக்ஸபோன் வேறு வகையிற் செய்யப்பட்ட கருவி. கிதார்க்காரர் 'ஈ' என்னும் ஆதாரத்தில் வாசிக்கும்பொழுது சாக்ஸபோன்காரர் தம் விரலமைப்பில், அரைச்சுரம் உயர்த்தப்பட்ட சுரங்கள் ஆறு உள்ள கிரமத்தில் வாசித்தல் வேண்டும். ஒரு சில சுரங்களை ஊதி நிறுத்துதற்கு அது பெருந்தடையன்று; நெடுநேரம் விரைந்து கற்பனை செய்வார்க்கு அது விலங்கு. எனவே பாட்டை ஊதுகருவிகளுக்கு இயைந்த வேறோர் ஆதாரத்திற்கு மாற்றுதல் பலர் செய்யும் முதல் வேலை.

இரண்டாம் இடர் சுரக்கூட்டின் வறுமை. நாடகமேடைப் பாட்டுகளில் 32 தாளவட்டங்களுக்குள் சுரக்கூட்டுகள் பலவாறு மாறும். கற்பனை செய்வார்க்கு அது வளமான நிலம். ராக் பாட்டுகளிலோ மூன்று கூட்டுகளே வருவன பல. ஒன்றிரண்டிலேயே நிற்பனவும் உள. இதற்குத் தீர்வு இரண்டு. மெட்டை அவ்வாறே விட்டு அதன் கீழுள்ள கூட்டுகளை மட்டும் மாற்றுதல் ஒன்று. அங்ஙனம் செய்யின், நன்கறிந்த முகத்தின்மேல் வேறொரு விளக்கின் ஒளி பட்டாற்போல, பழைய மெட்டே புதிய உணர்ச்சியைத் தரும். வறுமையையே செல்வமாகக் கொள்ளுதல் மற்றொன்று. மைல்ஸ் டேவிஸ் 1959-இல் வெளியிட்ட 'கைண்ட் ஆப் புளூ' என்னும் இசைத்தட்டு, கூட்டுகள் அடிக்கடி மாறாமலே நெடுநேரம் கற்பனை செய்யலாம் என்பதை நன்கு காட்டியது. அவ்வழி நிற்பார்க்கு ராக் பாட்டின் எளிமை குறையாகாது.

மூன்றாவது நடை. ராக் இசையில் ஒவ்வொரு தாளத்தட்டும் இரு சமபகுதிகளாகப் பகுக்கப்படுதல் பெருவழக்கு. ஜாஸ் இசையின் பழைய நடையிலோ முற்பகுதி நீண்டும் பிற்பகுதி குறுகியும் வரும்; ஸ்விங் என்பது இதுவே. ஒரு நடையை மற்றொன்றாக்குதல், நான்கன் தாளத்தை மூன்றாக்குதல், விரைவாயதை விளம்பமாக்குதல் முதலியன நடையை மாற்றும் வகைகள்.

நான்காவது இடரே மிகப் பெரிது. சாக்ஸபோன் சொற்களைப் பாடாது. ராக் பாட்டுகளிற் பலவற்றின் மெட்டு, ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பேச்சுப் போன்றது. அதற்கு உயிர் தருவன சொல்லும் பாடுவோன் குரலுமே. அவற்றை நீக்கியபின் எஞ்சுவது மிகச் சிறிது. அச்சிறிதைக் கொண்டு நெஞ்சைத் தொடவல்லார் யாரோ அவரே வல்லார். மெட்டை எந்திரம்போல ஊதி, அதன்பின் தமக்குப் பழகிய கற்பனைகளைக் கொட்டி முடிப்பாரது வேலை, பழைய பாட்டிற்குப் புதிய சட்டை இட்டதாக மட்டுமே முடியும்.

இரு பாட்டுகளின் வரலாறு

ரீஸ் எடுத்த பாட்டுகளில் இரண்டன் வரலாறு நினைக்கத்தக்கது. 1965-இல் வெளிவந்த 'சாடிஸ்பாக்ஷன்' என்னும் பாட்டு, கரகரத்த கிதாரில் மூன்றே சுரங்களைக்கொண்டு மீளமீள வரும் ஒரு சிறு தொடரால் உலகப்புகழ் பெற்றது. அதனை ஆக்கிய கீத் ரிச்சர்ட்ஸ், 2010-இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில், அத்தொடரை ஊதுகருவிகளுக்கென்றே தாம் எண்ணியிருந்ததாகக் கூறுகின்றார். கிதாரில் வாசித்தது, பின்னர் ஊதுகருவி வருமிடத்தைக் காட்டும் குறிப்பே. ஆனால் அக்குறிப்பே இசைத்தட்டாக வெளிவந்து நிலைத்துவிட்டது. அவ்வாண்டிலேயே ஓட்டிஸ் ரெட்டிங் என்னும் கறுப்பினப் பாடகர் அதனை ஊதுகருவிகளோடு பாடினார். நாற்பது ஆண்டுகள் கழித்து ஒரு சாக்ஸபோன்காரர் அதனைத் தமதாக்கியபொழுது, பாட்டு அயல்வீடு சென்றதோ, தன் வீடு திரும்பியதோ என்று ஐயுறல் தகும்.

மற்றொன்று, 1981-இல் வந்த 'டாட்டூ யூ' என்னும் இசைத்தட்டின்கண் உள்ள 'வெயிட்டிங் ஆன் எ பிரண்ட்' என்பது. அதில் ஒலிக்கும் சாக்ஸபோன் சன்னி ராலின்ஸ் உடையது. ஜாஸ் உலகில் அவரினும் புகழ்பெற்ற சாக்ஸபோன்காரர் சிலரே. அவ்வாறிருந்தும் அவ்விசைத்தட்டின் உறையில் அவர் பெயர் அச்சிடப்படவில்லை. ராக் பாட்டைக் கேட்ட பல்லாயிரவர், ஜாஸ் மாமன்னர் ஒருவரைக் கேட்கின்றோம் என்றறியாமலே கேட்டு மகிழ்ந்தனர். அப்பாட்டையே 2005-இல் ரீஸ் தம் பெயரில் வாசித்தார். பெயரின்றி ஒருவர் வாசித்த இடத்தில் பெயரோடு மற்றொருவர் நின்றார் என்பது எம் உள்ளத்தைத் தொட்ட செய்தி.

தாளம் காத்தவர்

இம்முயற்சிக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் உள்ளேயே ஒரு துணை இருந்தது. அதன் டிரம் வாசிப்பாளராகிய சார்லி வாட்ஸ் (1941–2021) இளமை முதல் ஜாஸ் பித்தர். சிறுவராயிருந்தபொழுது தம் பான்ஜோவின் கழுத்தைக் கழற்றிவிட்டு அதனையே டிரம்மாகக் கொட்டிப் பழகியவர். சாக்ஸபோன் மேதையாகிய சார்லி பார்க்கரைப் பற்றிப் படங்களோடு எழுதிய சிறுநூலை வெளியிட்டவர். உலகின் மிகப் பெரிய ராக் குழுவில் வாசித்துக்கொண்டே 1980-களில் பெரியதொரு ஜாஸ் குழுவையும் நடத்தினார். இடக்கை டிரம்மில் ஓங்கி விழும் தட்டுகளில் வலக்கையைத் தாளத்தட்டினின்று எடுத்துவிடுதல் அவர் வழக்கம். அச்சிறு இடைவெளியால் அவரது ராக் தாளம் மூச்சு விடுவதுபோல் ஒலித்தது. குழுவின் பாஸ் கிதார்க்காரர் 1993-இல் விலகியபொழுது, அவ்விடத்திற்குரியாரைத் தேரும் பொறுப்பும் வாட்ஸிடம் விடப்பட்டது. அவர் தேர்ந்தவர் டேரில் ஜோன்ஸ். முன்னர் மைல்ஸ் டேவிஸ் குழுவில் வாசித்தவர். எனவே, ரீஸ் செய்தது ராக்கினுள் ஜாஸைப் புகுத்தியதன்று. அங்கே அடங்கியிருந்ததை வெளிக்கொணர்ந்ததேயாம்.

குழு 2005 முதல் 2007 வரை உலகைச் சுற்றியபொழுது, ரீஸ் பல நாட்டு இசைவாணரைக் கூட்டி மேலும் பல பாட்டுகளை அமைத்தார். அவை 2008-இல் 'ஸ்டோன்ஸ் வேர்ல்டு' என வெளிவந்தன. போர்த்துகல் நாட்டின் பாடோ என்னும் துயரப்பாட்டில் வல்ல அனா மௌரா என்னும் பாடகியும் அதில் பாடினார்.

வேறு இருவர்

ரீஸ் தனியர் அல்லர். மைக் கார்சன் என்னும் நியூயார்க் ஜாஸ் பியானோக்காரர், 1972-இல் டேவிட் போவி என்னும் ஆங்கிலப் பாடகரின் அமெரிக்கப் பயணத்திற்கு உடன்வாசிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1973-இல் வந்த 'அலாடின் சேன்' என்னும் பாட்டிற்கு அவர் முதலில் ப்ளூஸ் முறையிலும், பின்னர் இலத்தீன் அமெரிக்க முறையிலும் வாசித்துக் காட்டினார். போவி இரண்டையும் வேண்டாவென்று, நகரத்தின் புதுமை ஜாஸ் அரங்குகளில் அவர் வாசிக்கும் கட்டற்ற முறையையே வேண்டினார். அவ்வாறு வாசித்த அப்பகுதி இன்றும் அவர் பெயர் சொல்கின்றது. பின்வரிசையாரிடம் அவருக்குரியதையே கேட்டுப் பெற்ற தலைவர் போவி. 2011-இல் கார்சன் 'தி போவி வேரியேஷன்ஸ்' என்னும் இசைத்தட்டில், தாம் உடன்வாசித்த பாட்டுகளைத் தனிப் பியானோவில் விரித்து வாசித்தார். பாடுவோன் இல்லை, கிதார் இல்லை, தாளக்கருவியும் இல்லை. முன்னர்த் துணையாயிருந்த கருவி ஒன்றே எஞ்சிப் பாட்டைத் தாங்கி நின்றது.

இயான் வாலஸ் என்பார் 1971-72-இல் கிங் கிரிம்சன் என்னும் ஆங்கிலக் குழுவில் டிரம் வாசித்தவர். பின் பாப் டிலன் முதலியோரோடு பயணஞ் செய்தவர். அவர் பியானோ, பாஸ், டிரம் என்னும் மூன்றே கருவிகளைக்கொண்ட சிறு குழுவமைத்து, கிங் கிரிம்சன் பாட்டுகளை ஜாஸ் ஆக்கி 2005-இல் வெளியிட்டார். அக்குழுவின் பாட்டுகள் பேரொலியும் கடுந்தாளமும் உடையன. மூன்று கருவிகளில் அவற்றை வாசித்தல், பெருவெள்ளத்தைக் குடத்தில் அடக்குதல் போன்றது. வாலஸ் 2007-இல் மறைந்தார். இரண்டாம் இசைத்தட்டு 2009-இல் அவர் மறைவிற்குப் பின்னரே வெளிவந்தது.

பொருளும் பெயரும்

நிற்க, இம்முயற்சிகளிற் பொருள்நிலை யாது? அமெரிக்க நாட்டின் 1909-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் முதலாக, ஒருமுறை இசைத்தட்டில் வெளியான பாட்டை வேறெவரும் தம் முறையில் பதிந்து வெளியிடலாம்; ஆக்கியோர்க்குச் சட்டம் வகுத்த தொகையைக் கொடுத்தல் வேண்டும். ரீஸின் இசைத்தட்டு வெளிவந்த 2005-இல், ஐந்து நிமிடத்திற்கு மேற்படாத பாட்டிற்குப் படியொன்றுக்கு 8.5 சென்ட் அத்தொகை. அது சொல்லும் மெட்டும் ஆக்கியோரையே சாரும். வாசிப்பவர் அதன் நடுவே எத்துணைப் புதிய கற்பனை புனைந்தாலும், அப்பாட்டின் ஆக்கியோருள் ஒருவராக அவரைக் கொள்வதில்லை. முன்னர்ப் பயணத்தில் கூலிக்கு வாசித்தவர் இப்பொழுது பாட்டிற்குக் கப்பங்கட்டி வாசிக்கின்றார் என்று ஒருவர் கூறின், அது முற்றும் பொய்யாகாது.

அன்றியும், இசைத்தட்டின் முகப்பிற் பெரிதாக விளங்குவது புகழ்பெற்ற குழுவின் பெயரே. அப்பெயரைக் கண்டே வாங்குவார் வாங்குவர். ஆகவே, பக்கவாத்தியக்காரர் நிழலினின்று வெளிவந்தாரா, அன்றி அந்நிழலையே விற்றாரா என்று கேட்பவரும் உளர். யாமும் தொடக்கத்தில் அவ்வையத்தோடேயே இவ்விசைத்தட்டுகளைக் கேட்கப் புகுந்தோம். வணிகத்திற்காக மட்டுமே இத்தகையன செய்தாரும் உளர் என்பதை மறுத்தற்கில்லை.

ஆயினும் எம் ஐயம் நீங்கியதற்குக் காரணம் கூறுவாம். முதலில் மூலப்பாட்டைச் சிலமுறை கேட்க. பின்னர் ஜாஸ் வடிவத்தைக் கேட்க. மெட்டு முடிந்து சாக்ஸபோனோ பியானோவோ தனிவழி செல்லத் தொடங்கும் இடத்தில், மூலமெட்டை வாய்க்குள் மெல்ல முணுமுணுத்துப் பார்க்க. பாட்டின் சுழற்சியைக் காத்து வாசிக்கப்பட்ட இடங்களில், முற்றும் வேறாகத் தோன்றிய அக்கற்பனையின் கீழே பழைய பாட்டு அடி பிசகாமல் நடந்துகொண்டிருப்பது புலப்படும். வாசிப்பவர் அதனை ஒருகணமும் மறக்கவில்லை. பல்லாண்டு உடனிருந்தார்க்கே அத்தகைய மறவாமை வாய்க்கும். முகப்பில் யார் பெயர் பெரிதாயிருப்பினும், அந்நடுப்பகுதி வாசிப்பவருக்கே உரியது. அதனை எழுதிவைத்தார் எவருமில்லை; மறுநாள் அவரே வாசிப்பினும் அது வேறாகும்.

ரீஸ் தம் 2005-ஆம் ஆண்டு இசைத்தட்டில், பிறர் பாட்டுகளோடு 'பெல்லேசா' என்னும் தம் சொந்த இயற்றல் ஒன்றையும் சேர்த்தார். அப்பெயர் 'அழகு' எனப் பொருள்படும். புகழ்பெற்ற பாட்டுகளுக்காக வந்தவர், அவற்றைக் கேட்டு முடித்தபின் எழுந்து போகாமல் அதனையும் கேட்பாராயின், பின்வரிசையில் நின்றவர் பெற விரும்பியதைப் பெற்றவராவார். இனி யாதேனும் ஓர் இசையரங்கிற்குச் செல்லும் நம் மாணவர், மீளும்பொழுது பின் நின்றார் ஒருவர் பெயரையேனும் கேட்டறிந்து மீள்வாராக.